ஒட்டுத்துணிப் போர்வைக்குக் குறைந்த விலையில் தையல் மெசின்

பழைய சேலைத் துண்டுகளை இணைத்து மூன்று படைப் போர்வை தைக்க விரும்புகிறவர் (வன்னி வெயிலுக்கு நடுப்படையாகப் பருத்திச் சேலையே போதும்), கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைக்காரர் காட்டும் தையல் வகைகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டியதில்லை. இவ்வேலைக்குப் பெரும்பாலும் நேர்த்தையலே போதும். ஆகவே, நல்ல நிலையிலுள்ள பழைய இரும்புக் கால்மிதி மெசினையே நான் முதலில் பரிந்துரைப்பேன்: அது கனமானது, தடித்த துணியிலும் அதிகம் அதிராது, மின்வெட்டிலும் ஓடும்.

வாங்குமுன், தைக்கப்போகும் மூன்று படைகளையும் கையோடு கொண்டுசென்று, 90 அல்லது 100 அளவு ஊசி பூட்டி, தையல் நீளத்தை ஏறக்குறைய 3 மில்லிமீற்றருக்கு வைத்துத் தைத்துப் பார்த்து, அடிப்பக்கத்தில் நூல் வளையமிடுகிறதா, மேற்படை மட்டும் தள்ளப்பட்டுச் சுருங்குகிறதா என்று கவனியுங்கள். முதலாவது பெரும்பாலும் மேல்நூலைச் சரியாகக் கோத்து, அதன் இறுக்கத்தைத் திருத்தினால் தீரும். இரண்டாவதற்கு, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வேண்டும், நடைப்பாதம் (மேற்படையையும் கீழ்ப்படையோடு சேர்த்து நகர்த்தும் பாதம்) பூட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடைப்பட்ட வெளி அகலமாக இருக்கட்டும். சுருட்டிய போர்வை அதனூடாகவே செல்லவேண்டும். வளைகோடுகளாகத் தைக்க விரும்புவோர், துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்தவோ மூடவோ முடியுமா என்றும் கேட்கவேண்டும். அடிநூல் சுற்றும் பொபினும் சக்கரத்தைச் சுழற்றும் வாரும் அருகிலுள்ள கடையில் கிடைக்காத மெசினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.