குளியலறைக் கண்ணாடிக் கதவு: தேர்விலும் பொருத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷவர் பகுதிக்குக் கண்ணாடிக் கதவு போட நினைப்பவர்களில் பலர், டைல்ஸ் ஒட்டி முடித்துக் குழாய்களையும் பொருத்திய பிறகுதான் கதவைத் தேடக் கிளம்புகிறார்கள். தரையின் வாட்டம் எந்தப் பக்கம் போகிறது, ஷவர் எந்தச் சுவரில் இருக்கிறது, கீலைத் தாங்கப்போகும் சுவருக்குள் செங்கல் இருக்கிறதா வெற்றிடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிட்டிருக்கும். கதவின் வகையை டைல்ஸ் வேலைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்; அளவை மட்டும் டைல்ஸ் வேலை முடிந்த பிறகு எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதுதான் மற்ற பல தவறுகளுக்கு வழிவிடுகிறது.

அளவைப் பிறகு எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டைல்ஸின் கனமும் அதன் பின்னுள்ள பசையும் சேர்ந்து ஒவ்வொரு சுவரிலும் 12 முதல் 15 மி.மீ. வரை எடுத்துக்கொள்ளும், இரண்டு சுவர்களுக்கும் நடுவே திறப்பு 3 செ.மீ. வரை சுருங்கிவிடலாம். ஷவர் கதவுக்கான டஃபன்டு (சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய) கண்ணாடியையோ, பதப்படுத்திய பிறகு அறுக்கவும் முடியாது, துளையிடவும் முடியாது. ஓர் ஓரத்தைத் தேய்த்துக் குறைக்க முயன்றாலும் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடக்கூடும். ஆகவே அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு வைத்தும் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் உயரத்தில் சுவர் 8 மி.மீ. சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நேராக வெட்டிய கண்ணாடியை அதன் அருகே நிறுத்தினால், அந்தச் சாய்வு மேலிருந்து கீழ்வரை ஆப்பு வடிவ இடைவெளியாகத் தெரியும். சட்டமுள்ள கதவில் சுவரோரப் பட்டை இந்த வித்தியாசத்தை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். சட்டமில்லாக் கதவுக்குக் கண்ணாடியையே அந்தச் சாய்வுக்கேற்ப வெட்டிய பின் பதப்படுத்தச் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு, டஃபன்டு என்று விற்பவர் சொன்னதை அப்படியே நம்பிவிடுவது. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு இறுகிக்கொள்கிறது. அதனால் அது சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு வலிமை பெறுகிறது, உடைந்தாலும் கத்தி போன்ற சில்லுகளாகாமல் சிறு கட்டிகளாக உதிர்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 12150, இந்தியாவின் ஐஎஸ் 2553 போன்ற தரநிலைகள் இவ்வகைக் கண்ணாடிக்கென்றே இருக்கின்றன. தரமான கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். கதவைப் பொருத்தும் முன் அதைத் தேடிப் பாருங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிந்து வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால், பதப்படுத்திய கண்ணாடியில் பெரும்பாலும் மங்கலான புள்ளிகளோ வரிகளோ தென்படும்.

அப்படியானால் டஃபன்டு கண்ணாடி உடையவே உடையாது என்று எண்ணுவதும் சரியன்று. அதன் பலவீனம் விளிம்புகளில் இருக்கிறது: பரப்பில் கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும் கண்ணாடி, மூலை டைல்ஸ் தரையில் இடித்தால் ஒரு நொடியில் உதிர்ந்துவிடக்கூடும். பொருத்த வருபவர்கள் அதை வெறுந்தரையில் நிறுத்தாமல் மரக்கட்டை அல்லது ரப்பர் மீது நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். உள்ளே நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால், யாரும் தொடாமலேயே பல மாதங்கள் கழித்தும் கண்ணாடி வெடிப்பதுண்டு, இது அரிது. மீண்டும் சூடேற்றிச் சோதித்த கண்ணாடியில் இந்த வாய்ப்பு மேலும் குறைவு. சிறு குழந்தைகள் புழங்கும் குளியலறைக்கு, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியைக் கருதிப் பார்க்கலாம். உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும்.

கனம் கூடினால் நல்லது என்ற நம்பிக்கைதான் என் பார்வையில் அதிகச் செலவு வைக்கும் தவறு. கடையில் 12 மி.மீ. கண்ணாடியைத் தட்டிப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி இரண்டரை கிலோ எடையுள்ளது, 70 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட கதவு 8 மி.மீ. கனத்தில் 28 கிலோ, 10 மி.மீ. கனத்தில் 35 கிலோ, 12 மி.மீ. கனத்தில் 42 கிலோ. இந்த எடை முழுவதும் இரண்டு கீல்கள் வழியாகச் சுவரைப் பிடித்துத் தொங்குகிறது. அகலத்தின் விளைவு இன்னும் கடுமையானது: கதவை 70 செ.மீ.யிலிருந்து 90 செ.மீ. ஆக்கினால் எடை ஏறத்தாழ 30 விழுக்காடுதான் கூடும்; ஆனால் பாரத்தின் மையமும் கீலைவிட்டுத் தள்ளிப்போவதால், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 65 விழுக்காடு கூடிவிடும். சட்டமுள்ள கதவுக்கு 6 மி.மீ. கண்ணாடியும், சட்டமில்லாக் கதவுக்கு 8 அல்லது 10 மி.மீ. கண்ணாடியும் வீட்டுக்குப் போதும். கீல் எத்தனை கிலோ தாங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுவர் ஜிப்சம் பலகையாகவோ உள்வெற்றிடமுள்ள கல்லாகவோ இருந்தால், டைல்ஸ் ஒட்டும் முன்பே கீல் வரும் இடத்தில் உறுதியான தாங்கல் வைத்தாக வேண்டும்.

கதவு எப்படித் திறக்கும் என்பதைத் தாளில் வரைந்து பார்க்காமல் முடிவெடுப்பவர்கள், கழிப்பறைக் கோப்பையிலோ கை கழுவும் தொட்டியிலோ கதவு இடித்த பிறகுதான் வருந்துகிறார்கள். உட்புறமாக மட்டும் திறக்கும் கதவை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: உள்ளே ஒருவர் வழுக்கியோ மயங்கியோ விழுந்தால் அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. இடம் குறுகலானால், பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவு உதவும். ஆனால் திறப்பின் பாதிக்கும் குறைவான வழியே அதில் கிடைக்கும் என்பதையும், கீழ்த்தடத்தில் சோப்பு அழுக்கு தேங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீர்க்கசிவுக்குப் பலரும் கதவையே குறை சொல்கிறார்கள். சட்டமில்லாக் கதவு நீர்புகாப் பெட்டி அன்று. திறந்து மூடுவதற்காகச் சில மில்லிமீட்டர் இடைவெளியோடுதான் அது நிற்கிறது. ஷவரின் நீர் நேராகக் கதவின் இணைப்பில் பாயுமாறு வைத்துவிட்டு, ரப்பர் பட்டையைக் குறை சொல்வதில் பயனில்லை. ஷவர் சுவரை நோக்கியிருக்க வேண்டும். தரையின் வாட்டம் கதவை விட்டு விலகி வடிகாலை நோக்கி, மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வரை இறங்க வேண்டும். கதவின் கீழ் தடுப்புக்கட்டை உண்டென்றால் அதன் மேற்புறமும் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். சட்டமுள்ள கதவுகளில் உட்புறத்தையும் சிலிக்கானால் அடைத்துவிடுவது ஆர்வக்கோளாறு: சட்டத்துக்குள் புகுந்த நீர் திரும்பி உள்ளே வடிய வழியின்றி, வெளியே கசியத் தொடங்கும். பூசிய சிலிக்கான் காய்வதற்கு ஒரு நாளாவது ஷவரைத் திறக்காமல் இருங்கள்.

தோற்றத்தைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. தெளிந்த கண்ணாடியில் நீர்த்திட்டுகள் உடனே தெரியும். சொரசொரப்பான பனிக்கண்ணாடியில் அவை உடனே தெரியாவிட்டாலும் நுண்குழிகளில் படிந்து எளிதில் போகா. அத்தகைய கண்ணாடியின் வழவழப்பான பக்கம் ஷவரை நோக்கியிருப்பது நல்லது. உப்பு மிகுந்த நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெண்படலமாகப் படிகின்றன. நீர் ஒட்டாத பூச்சு இதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. சொரசொரப்பான நார் கொண்டு தேய்த்தால் பூச்சும் போய்விடும். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் ஒருமுறை இழுத்துவிடுவது எந்தப் பூச்சையும்விடப் பயன் தரும்.

கதவின் கைப்பிடியையோ துண்டுக் கம்பியையோ பிடித்து எழுந்து நிற்கும் பழக்கம் முதியவர்களுக்கு எளிதில் வந்துவிடும். அவை உடல் எடையைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டவை அல்ல. ஆதலால் பிடிகம்பி ஒன்றைச் சுவரில் தனியாகப் பொருத்த வேண்டும். ஓரங்களில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகள் சில ஆண்டுகளில் மஞ்சளித்து விறைத்துப்போகும். அவற்றைத் தனியாக மாற்ற முடியும். அப்போது சரியான பட்டையை வாங்க, கண்ணாடியின் கனத்தையும் பட்டையின் வடிவத்தையும் வாங்கும் நாளிலேயே ரசீதின் பின்புறம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.