பனி போன பிறகு காரில் செய்யக்கூடாதவை

பனி உருகி முதல் வெயில் அடித்ததும் காரைப் பளபளவென்று கழுவி, மெழுகு பூசி, "முடிந்தது" என்று கையை உதறிக்கொள்பவர்கள்தான் அதிகம். புதிதாகக் கார் வாங்கியவர்கள் வசந்தந்தோறும் இதையே செய்வதைப் பார்த்து, தொழில் தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை. அவர்களும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான். கிழிந்த வைப்பர் ரப்பரை மாற்றுவது, எரியாத விளக்கைப் பார்ப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தானாகவே கண்ணில் படும். கண்ணில் படாதவைதான் செலவு வைக்கும்.

உப்பின் மேலேயே அண்டர்கோட்டிங் அடிப்பது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் தவறு இது. அக்கறையோடு, காசும் கொடுத்துச் செய்கிறார்களே என்பதுதான் ஆதங்கம்.

பனியை உருக்கச் சாலையில் கொட்டுவது சாதாரண உப்பான சோடியம் குளோரைடு மட்டுமல்ல. பல இடங்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களையும் தெளிக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்டினால்தான் சாதாரண உப்பு நீரை இழுத்துக் கசியும். மற்ற இரண்டுக்கும் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். அதனால் வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளிலும் காரின் அடியில் ஒட்டியிருக்கும் உப்பு ஈரமாகவே இருக்கும். உறைகுளிரில் துரு நத்தையாக ஊரும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். உப்பு ஒட்டியது பனிக்காலத்தில் என்றாலும் அது தகரத்தை மும்முரமாகத் தின்பது வசந்தத்தில்தான்.

இந்த நேரத்தில் மேலோட்டமாகத் தண்ணீர் அடித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே அடியில் அண்டர்கோட்டிங் என்கிற கெட்டியான கறுப்பு ரப்பர் பூச்சு அடித்துவிடுகிறார்கள். பார்க்கப் புதுக் கார் மாதிரி இருக்கும். பூச்சுக்கும் தகரத்துக்கும் நடுவே உப்பும் ஈரமும் சிக்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து தண்ணீர் பட்டால் ஓரளவாவது கரைந்து போயிருக்கும் உப்பு, இப்போது போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அரிக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பூச்சு அங்கங்கே கொப்புளம் போடும். ஜாக்கியில் ஏற்றி, கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் முனை உள்ளே இறங்கிவிடும். பூச்சு இல்லாமல் விட்டிருந்தால் துரு முதல் ஆண்டிலேயே கண்ணில் பட்டிருக்கும், கம்பி பிரஷ்ஷும் பிரைமருமாக வேலை முடிந்திருக்கும். இப்போது தகரத்தை வெட்டி ஒட்டுப்போட வேண்டும்.

முதல் வேலை கழுவுவது. அதற்கு அழுத்தத்தைவிடத் தண்ணீரின் அளவுதான் முக்கியம். புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் காரின் அடியில் வைத்து, இடம் மாற்றி மாற்றி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கையால் போக வேண்டிய இடங்கள்: மட்கார்டின் உள்விளிம்பு மடிப்பு (கையை விட்டுப் பார்த்தால் சேறு கட்டியாக வரும்), கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் வடிகால் துளைகள், எரிபொருள் டேங்கைத் தாங்கும் பட்டைகள், சஸ்பென்ஷன் கைகள் மாட்டியிருக்கும் சட்டம், ஸ்டெப்னி வைக்கும் குழி. துளை அடைத்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட்டைக் கீறும். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் வீல் பேரிங், ஏபிஎஸ் சென்சார், வயர் இணைப்புகள், மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகள் மேல் நேராக அடிக்கக்கூடாது. தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை கழுவுங்கள். முதல் கழுவலில் ஊறிய கட்டிகள் அப்போதுதான் விழும். நன்றாகக் காய இரண்டு மூன்று வெயில் நாள் கொடுத்து, துருப் பொருக்கை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே பூச்சு. அதிலும் கெட்டியாகி உரியும் ரப்பர் வகையைவிட, கெட்டிப்படாமல் மடிப்புக்குள் ஊர்ந்து போகும் மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) வகை மேல். வடிகால் துளைகள், எக்ஸாஸ்ட் குழாய், பிரேக் டிஸ்க் மேல் எதுவும் படக்கூடாது. துளையை அடைத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

கழுவும்போதே பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்களைப் பார்த்துவிடுங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உப்பு தங்கி முதலில் அரிக்கும். மேலே லேசான செம்மை பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்தாலோ, ஈரமாக இருந்தாலோ வண்டியை ஓட்டாமல் குழாயை மாற்றுங்கள். அப்படிப்பட்ட குழாய் சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும், திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது வெடிக்கும்.

கூலண்ட்டை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது

"குளிர் போய்விட்டதே, இனி எதற்கு?" என்று கேட்கிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவத்தில் துருத்தடுப்பு மருந்து இருக்கிறது, கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. வடிக்காதீர்கள்.

பனிக்கால டயரை ஓட்டியே தீர்ப்பது

பகலும் இரவும் 7 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நிற்கத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இறுகாதபடி மென்மையாகச் செய்யப்பட்டது. சூட்டில் அது நெளியும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும், டயரும் சீக்கிரம் தேயும். "இன்னும் கொஞ்சம் பட்டன் (டயரின் மேல்பக்கக் கட்டைகள்) இருக்கிறதே" என்று கோடை முழுக்க ஓட்டினால், அடுத்த பனிக்கு அந்த டயர் உதவாது. பனியில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன பட்டனை நம்ப முடியாது.

மாற்றும்போது நடப்பது இன்னொரு தவறு. சக்கரமும் அதை மாட்டும் ஹப்பும் சேரும் இடத்தில் துரு படிந்திருக்கும். அதைத் தேய்க்காமல் மாட்டினால் சக்கரம் சமமாக உட்காராது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும், கொஞ்சம் ஓடியதும் அந்தத் துரு பொடிந்து நட் தளர்ந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்குங்கள். மரைக்கு எண்ணெய் போடாதீர்கள், அதே அளவு வைத்தாலும் போல்ட் அதிகமாக இழுபட்டுவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை முறுக்கைச் சரிபாருங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி கூடினால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். கடுங்குளிரில் அளவு பார்த்து அடித்த காற்று வசந்தத்தில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளந்து குறையுங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் புடைப்பு

உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்ட முடியாது, மாற்றுங்கள்.

"குளிரையே தாங்கிய பேட்டரி"

தாங்கவில்லை, இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. குறைந்த தூர ஓட்டத்தில் முழுதாகச் சார்ஜ் ஏறாமலே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படியும். அதன் மேல் கோடையின் சூடு சேரும்போது பேட்டரி போய்விடும். சில மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு வோல்ட் மீட்டர் வையுங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், சார்ஜரில் போட வேண்டும். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் ஏற்றி ஓரிரு நாளில் மறுபடி இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டெர்மினலில் பூத்த உப்பை, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் போகும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

கோடைக்கென்று கெட்டி ஆயில்

எஞ்சின் ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருப்பதைப் பார்த்து, அது குளிர்கால ஆயில் என்று நினைத்துக் கோடைக்கு மாற்றுகிறார்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பதுதான். ஆனால் அந்த 5 குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதை மட்டும் சொல்கிறது, சூடேறிய எஞ்சினுக்கு 30தான் கணக்கு. கையேடு சொன்னதையே ஊற்றுங்கள்.

மிதியடிக்கு அடியில் பார்க்காமல் விடுவது

மேலே காய்ந்திருக்கும், அடியில் கார்ப்பெட் பஞ்சு மாதிரி ஊறியிருக்கும். தரைத் தகடு உள்ளிருந்து துருப்பிடிப்பதும், காலையில் கண்ணாடி உள்பக்கம் வேர்ப்பதும் இதனால்தான். மிதியடியை எடுத்துவிட்டுக் கதவுகளைத் திறந்து காயவிடுங்கள். வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரும் வெந்நீரும் சமபங்கு கலந்து தெளித்து, ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கரைசல் இன்னும் கீழே இறங்கும். காய்ந்த கார்ப்பெட் மழைக்குப் பின் மறுபடி நனைந்தால் கோளாறு வேறு இடத்தில். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஊன்றியிருக்கும் பள்ளத்தில் மட்கிய இலை வடிகாலை அடைத்திருக்கும். அள்ளி எடுத்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், அது கார் அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.