ராத்திரி கனவை நான் அடக்கிய விதம்

ராணுவத்திலிருந்து வந்தபின் எனக்குப் பெரிய தொல்லை ராத்திரிதான். அதே கனவு, அதே வண்டி, அதே புகை. வியர்த்து எழுந்தால் விடியும்வரை கண் மூடாது. முதலில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், பெரிதாகப் பலனில்லை. கூடப் பணியாற்றிய அண்ணன் ஒருவர் சொல்லித்தான் உளவியலாளரைப் பார்த்தேன். இதற்கு பிடிஎஸ்டி என்று பெயர், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநலப் பிரச்சினை, 1980-லேயே அமெரிக்க மனநோய்க் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதுமே பாதி பாரம் இறங்கியது.

அவர் கொடுத்த வேலைதான் வேடிக்கை. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவை நோட்டில் எழுதுங்கள், கதையை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள், மாற்றியதை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பாருங்கள் என்றார். என் நோட்டில் வண்டி பஞ்சர் ஆகி நின்றுவிடும், எல்லோரும் இறங்கி ஸ்டெப்னியைத் தேடிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் சில வாரங்களில் அந்தப் புகை வருவது குறைந்தது.

அப்புறம் குடி. குடித்தால் சீக்கிரம் கண் அசரும், சரி, ஆனால் பின்னிரவில் தூக்கம் கலைந்துவிடும். அதை நிறுத்திய பிறகுதான் நோட்டு வேலையே பிடித்தது. கதவு படாரென்று அடித்தால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. அப்போது கண்ணில் படும் 5 பொருள்களை மனதுக்குள் எண்ணுகிறேன்.