டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றும் வேலை பழையதைக் கழற்றும் முன்பே தொடங்குகிறது

ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி மின்பொறியை அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் (பிரியும்போது பொறியை உண்டாக்கும் சின்ன மின் தொடுமுனை) வைத்த பழைய கார் எஞ்சினில் அதைப் பிடித்திருப்பது ஒரு கிளாம்ப்தான். போல்ட்டைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். அந்தச் சுலபத்தை நம்பி யாரும் இழுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாமல் கழற்றினால், புதியதை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஆதாரமே இருக்காது.

முதல் வேலை, ஒன்றாம் சிலிண்டரை டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவது. எந்த ஒயர் எந்தப் பிளக்குக்கு என்று சீட்டு ஒட்டிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றினால் எஞ்சின் கைக்கு லேசாகச் சுற்றும். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் பிரதானத் தண்டு) புல்லியில் இருக்கும் குறியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு முறை சுற்றுவதால் அந்தக் குறி கம்ப்ரஷனில் (காற்றை அமுக்கும் கட்டம்) ஒருமுறையும் எக்ஸாஸ்டில் (புகையை வெளியே தள்ளும் கட்டம்) ஒருமுறையும் நேராக வரும். பிளக் ஓட்டையை விரலால் அடைத்துச் சுற்றினால் கம்ப்ரஷனில் காற்று விரலைத் தள்ளும். எனக்கு இன்னும் நம்பிக்கையான வழி ராக்கர் கவரைத் திறந்து பார்ப்பது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரில் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். அதே நேரம் நான்காவதில் ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்க மற்றது திறக்கத் தொடங்கும்.

இப்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைத் தூக்குங்கள். உள்ளே சுற்றும் கைதான் ரோட்டார். ரோட்டார் முனை காட்டும் இடத்தில் பாடியின் விளிம்பில் ஒரு கோடு, பாடிக்கும் பிளாக்குக்கும் சேர்த்து இன்னொரு கோடு. இதற்குப்பின் புதியது உட்காரும்வரை கிராங்கைத் தொடாதீர்கள்.

அடிப்பக்கத்தில் இருப்பது டாக் (பள்ளத்தில் பொருந்தும் நாக்கு) வகையா, கியர் வகையா என்று பாருங்கள். லூகாஸ் 25டி4 போன்ற மாடல்களில் டாக் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும், ஒரே நிலையில்தான் பொருந்தும், கவலை இல்லை. கியர் வகையில்தான் கவனம் வேண்டும். பல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் மேலே தூக்கும்போதே ரோட்டார் மெல்லத் திரும்பும். கியர் விடுபட்டு ரோட்டார் நிற்கும் அந்த இடத்தில் பாடியின் விளிம்பில் ரோட்டாருக்கு இரண்டாவது கோடு போடுங்கள். ரோட்டாரின் இரண்டு கோட்டையும் புதிய பாடியில் அதே இடத்தில் குறித்துக்கொண்டு, இரண்டாவது கோட்டில் ரோட்டாரை வைத்து இறக்கினால், அது திரும்பிக்கொண்டே வந்து முதல் கோட்டில் நிற்கும். ஒரு பல் தவறினால் தூக்கி மறுபடி இறக்குங்கள்.

கடைசிச் சில மில்லிமீட்டர் இறங்க மறுக்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டரே ஆயில் பம்ப்பையும் சுற்றும் எஞ்சினில், கீழே இருக்கும் பம்ப் தண்டின் முனை பொருந்தும்படி திரும்பி நிற்கவில்லை என்று அர்த்தம். கிளாம்ப் போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கவே கூடாது, ஏதாவது உடையும். நீளமான ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தண்டைத் துளி திருப்பினால் போதும்.

அடுத்து பாயிண்ட் இடைவெளி. இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி பறக்கும் நேரம்) மாறும் என்பதால் இதை முடித்த பிறகே டைமிங். பாயிண்ட்டில் கேமை உரசும் பகுதியான ஹீல், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் இருக்கும் கேமின் (மேடுகள் உள்ள பகுதி) உச்சியில் நிற்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிப் போக வேண்டும். 25டி4-க்கு 0.35 முதல் 0.40 மி.மீ.; உங்கள் வண்டிக்கு மேனுவலில் உள்ள அளவு.

பேட்டரியை மாட்டி, ஓடும் திசையிலேயே எஞ்சினைச் சுற்றி, மேனுவல் சொல்லும் டிகிரிக் குறியில் கம்ப்ரஷனில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நிறையப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். செயினிலும் கியரிலும் உள்ள ஆட்டம் அப்போதுதான் அடங்கும். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை காயிலிலிருந்து (பொறிக்கான உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் சின்ன ஒயர் டெர்மினலிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து இக்னிஷன் போடுங்கள். ரோட்டார் சுற்றும் திசையில் பாடியைத் திருப்பினால் விளக்கு அணையும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். விளக்கு எரியும் அந்தக் கணம்தான் பாயிண்ட் பிரிகிற இடம். கிளாம்பை இறுக்கிவிட்டு இக்னிஷனை உடனே அணையுங்கள், காயில் சூடாகும். பாடியில் 1 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் 2 டிகிரி என்பதால் இந்த இடத்தில் பொறுமை அவசியம்.

பிளக்குகளை மாட்டி, ரோட்டார் சுற்றும் திசையில் ஒயர்களை வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2. எஞ்சின் சூடானதும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டால் ஐடிலில் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் குறி சீராக முன்னேறி, விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும். திக்கித் திக்கி நகர்ந்தால் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னேற்ற உள்ளே இருக்கும் வெயிட், ஸ்பிரிங்கைப் பாருங்கள், புதிய யூனிட்டாக இருந்தாலும் சரி.

புதிய பாயிண்ட்டின் ஹீல் ஆரம்பத்தில் சீக்கிரம் தேயும். தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பின்வாங்கும். கேமில் துளி கிரீஸ் வையுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியையும் டைமிங்கையும் இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.