தொடர் மருத்துவக் கல்வியைச் சொந்த நோயாளிகளிடமிருந்து தொடங்குவது எப்படி?

முதல்நிலை மருத்துவர்களில் பலர் தொடர் மருத்துவக் கல்வியை ஆண்டு முடியும் தறுவாயில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையான புள்ளிகள் குறைவதை உணர்ந்ததும், கையில் அகப்பட்ட கருத்தரங்கில் போய் அமர்ந்து சான்றிதழுடன் திரும்புகிறார்கள். புள்ளிகள் சேர்ந்துவிடும். ஆனால் மறுநாள் காலை எழுதும் மருந்துச் சீட்டில் எதுவும் மாறியிருக்காது. இது மருத்துவரின் சோம்பலால் வருவதன்று. அந்த உரையின் தலைப்பை வேறொருவர், பெரும்பாலும் ஒரு சிறப்பு மருத்துவர், தாம் பார்க்கும் நோயாளிகளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1999இல் டேவ் டேவிஸ் குழுவினர் வெளியிட்ட மீளாய்வு, உரையை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் நிகழ்ச்சிகள் மருத்துவரின் செயல்பாட்டை மாற்றியதற்குச் சான்றில்லை என்றும், பங்கேற்பவர் பேசவும் பயிலவும் இடமளிக்கும் நிகழ்ச்சிகளால் மாற்றம் ஏற்படக்கூடும் என்றும் காட்டியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு கல்விக் கூட்டங்களைப் பற்றி 2009இல் வெளியிட்ட மீளாய்வில், பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையைப் பின்பற்றுவதில் கிடைத்த இடைநிலை (மீடியன்) முன்னேற்றம் ஏறத்தாழ 6 சதவீதம்தான்.

அப்படியானால் தலைப்பை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தம் திறமையைத் தாமே மதிப்பிடுவதில் மருத்துவர்கள் வல்லவர்கள் அல்லர் என்பதை 2006இல் வந்த மற்றொரு மீளாய்வு காட்டியது. திறமை குறைவாக இருந்தும் தன்னம்பிக்கை மிகுந்திருந்தவர்களிடமே இந்தப் பிழை மோசமாக இருந்தது. நீரிழிவில் ஆர்வமுள்ளவர் நீரிழிவு பற்றியே மேலும் மேலும் படிப்பார். தோல் நோய்களைத் தவிர்ப்பவர் தவிர்த்துக்கொண்டே இருப்பார். ஆகவே தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம் விருப்பத்திடமிருந்து எடுத்து, நம்மிடம் வரும் நோயாளிகளிடம் ஒப்படைப்பதே முதல் வேலை.

ஆலோசனை அறையில் எழும் கேள்விகளைச் சேகரிப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம். ஏறத்தாழ இரண்டு நோயாளிகளுக்கு ஒரு கேள்வி வீதம் மருத்துவருக்கு எழுகிறது, அவற்றில் பாதியை அவர் தேடிப் பார்ப்பதே இல்லை, தேடியவற்றுள் பத்தில் எட்டுக்கு நெருக்கமாக விடை கிடைத்துவிடுகிறது என்று 2014ஆம் ஆண்டின் ஒரு மீளாய்வு கணக்கிட்டது. தேடாமைக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணங்கள் நேரமின்மையும், பயனுள்ள விடை இருக்குமா என்ற ஐயமும். இரண்டாவது காரணம் பெரிதும் வீண் ஐயம் என்பதை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. எனவே மேசையில் ஒரு சிறு குறிப்பேட்டை வையுங்கள், கைப்பேசியானாலும் சரி. அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள் கேள்வியை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். நோயாளியின் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் விவரமோ அதில் வேண்டாம். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கேள்வி மறந்துவிடும், ஏதோ ஐயம் இருந்தது என்ற நினைவு மட்டுமே மிஞ்சும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உயர் இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் 10 மில்லிகிராம் எடுத்துவரும் 62 வயதுப் பெண்மணி, கணுக்கால்கள் வீங்கியிருப்பதாகச் சொல்கிறார். மூச்சுத்திணறல் இல்லை, சிறுநீரில் புரதம் இல்லை. சிறுநீர் பெருக்கியான ஃபியூரோசிமைடை எழுதக் கை போகிறது. அந்த இடத்தில் நின்று, 'கால் வீக்கத்துக்கு என்ன செய்வது?' என்று எழுதினால் தேடுவதற்கு அது போதாது. 1995 முதல் பரவலாகக் கற்பிக்கப்படும் 'பிகோ' முறை கேள்வியை நான்கு கூறுகளாகப் பிரிக்கச் சொல்கிறது: நோயாளி யார், செய்ய நினைப்பது என்ன, எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை எதிர்பார்க்கிறோம். அப்படிப் பிரித்தால், 'அம்லோடிபினால் கால் வீக்கம் ஏற்பட்டவருக்குச் சிறுநீர் பெருக்கி கொடுப்பதா, அம்லோடிபின் அளவைக் குறைப்பதா அல்லது இன்னொரு வகை இரத்த அழுத்த மருந்தான ஏஸ் (ACE) தடுப்பு மருந்தைச் சேர்ப்பதா, எதனால் வீக்கம் குறையும்?' என்ற தேடத்தக்க கேள்வி கிடைக்கிறது. விடையும் கிடைக்கிறது. இந்த வீக்கம் உடலில் உப்பும் நீரும் தேங்குவதால் வருவதன்று. நுண்குழாய்களுக்கு முன்னுள்ள சிறு தமனிகள் விரிவதால் நுண்குழாய்களுக்குள் அழுத்தம் உயர்ந்து நீர் வெளியே கசிகிறது. ஆகையால் சிறுநீர் பெருக்கியால் பெரிய பயன் இல்லை. மருந்தின் அளவு கூடக்கூட வீக்கமும் கூடுவதால் அளவைக் குறைக்கலாம். ஏஸ் தடுப்பு மருந்தைச் சேர்த்தால் நுண்குழாய்களுக்குப் பின்னுள்ள சிறு சிரைகளும் விரிந்து வீக்கம் தணியக்கூடும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாகக் கருதி அதற்கு இன்னொரு மருந்தை எழுதும் சங்கிலி இப்படித்தான் தொடங்குகிறது.

எங்கே தேடுவது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் அண்மையில் புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள், அடுத்து காக்ரேன் போன்ற முறைசார் மீளாய்வுகள், அவற்றில் கிடைக்காதபோது மட்டும் தனி ஆய்வுக் கட்டுரைகள். ஒரு தகவலின் பயன் என்பது அதன் பொருத்தத்தையும் நம்பகத்தையும் பெருக்கி, அதைப் பெறச் செலவிடும் உழைப்பால் வகுத்தது என்று ஸ்லாசனும் ஷாக்னசியும் 1994இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். இதழ்களை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் நல்ல பழக்கம் ஏன் பலருக்கும் நீடிப்பதில்லை என்பதை அதன் வகுக்கும் எண்ணே விளக்கிவிடுகிறது.

கிடைத்ததைப் படிக்கும்போது மூன்று இடங்களில் நிதானிக்க வேண்டும். முதலாவது, அளக்கப்பட்ட விளைவு நோயாளி உணரக்கூடியதா என்பது. மாரடைப்புக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறுகளை என்கெய்னைடும் ஃப்ளெகெய்னைடும் நன்றாகவே அடக்கின. ஆனால் 1989இல் முதல் முடிவுகள் வெளிவந்த கேஸ்ட் ஆய்வில், அம்மருந்துகளை எடுத்தவர்களே அதிகமாக இறந்தார்கள். இசிஜி தாள் சீரானதை நோயாளி பிழைத்ததாகக் கொள்ள முடியாது. இரண்டாவது, சதவீதம் சொல்லப்படும் விதம். ஆபத்து 2 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்ததை 'பாதியாகக் குறைத்தது' என்றும் எழுதலாம், 'நூறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பயன்' என்றும் எழுதலாம். விற்பனைப் பிரதிநிதியின் கையேட்டில் எது இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல்நிலை மருத்துவருக்கு மிக முக்கியமானது மூன்றாவது: ஆய்வு நடந்த இடமும் நம் அறையும் ஒன்றல்ல. நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைக் கண்டறிந்து, இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வருபவர்களில் பாதிப்பேருக்கு அந்நோய் உள்ள சிறப்பு மருத்துவமனையில், பாசிட்டிவ் என்று வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் இருக்கும். நம்மிடம் வருபவர்களில் 2 சதவீதத்தினருக்கே அது இருப்பதாகக் கொண்டால், ஆயிரம் பேரில் நோயுள்ள 20 பேரில் 18 பேருக்கும், நோயில்லாத 980 பேரில் 98 பேருக்கும் பாசிட்டிவ் வரும். அதாவது 116 பாசிட்டிவ் முடிவுகளில் 18 மட்டுமே உண்மை. இந்தக் கணக்கை உணர்ந்தவர், சிறப்பு மருத்துவமனையின் பழக்கங்களை அப்படியே தம் கிளினிக்குக்குக் கொண்டுவரத் தயங்குவார்.

படித்ததை நினைவில் நிறுத்த மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது மேல். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களிடம் நடத்திய சோதனைகள், சில நாள் கழித்து நினைவுகூர்வதில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கேள்வியும் வலப்பக்கத்தில் விடையுமாக எழுதி, சில வாரம் கழித்து வலப்பக்கத்தை மூடிப் பாருங்கள்.

தனியாகப் படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால், நான்கைந்து சக மருத்துவர்களுடன் மாதம் ஒருமுறை கூடுவது நல்லது; செவிலியரும் மருந்தாளுநரும் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைப் பற்றிய கேள்வியோடு வர வேண்டும், உரைகளுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் நோய் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டம் இதே முறையைக் காணொளி வழியாகக் கையாண்டது. அதில் சேர்ந்த முதல்நிலை மருத்துவர்கள் ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் 58.2 சதவீதத்தினரையும், பல்கலைக்கழக மருத்துவமனை 57.5 சதவீதத்தினரையும் குணப்படுத்தியதாக 2011இல் ஆய்வு வெளியானது.

இறுதியாகச் செய்ய வேண்டியது தணிக்கை, அதாவது கற்றது நம் சிகிச்சையை மாற்றியதா என்று பதிவேட்டில் எண்ணிப் பார்ப்பது. பலரும் விட்டுவிடும் படி இதுதான். அம்லோடிபின் பற்றிக் கற்றவர், தம் பதிவேட்டில் அம்லோடிபினும் ஃபியூரோசிமைடும் சேர்ந்து எழுதப்பட்டவர்களைப் பட்டியலிட வேண்டும். சிலருக்கு இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருக்கும், அவர்களின் சிறுநீர் பெருக்கியைத் தொடக்கூடாது. மற்றவர்களின் மருந்துகளை அடுத்த வருகையில் மறுபரிசீலனை செய்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் எண்ண வேண்டும். தணிக்கையையும் பின்னூட்டத்தையும் பற்றிய 2012ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வில் இடைநிலை முன்னேற்றம் 4.3 சதவீதமாக இருந்தது. தொடக்க நிலை தாழ்ந்திருந்தபோதும், பின்னூட்டத்தைச் சக மருத்துவரோ மேலாளரோ வாய்மொழியாகவும் எழுத்திலும் ஒருமுறைக்கு மேல் தந்தபோதும், தெளிவான இலக்கும் செயல்திட்டமும் இருந்தபோதும் பயன் கூடியது. உங்கள் எண்ணிக்கையை அந்த மாதக் கூட்டத்தில் வெளிப்படையாக வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இரண்டாம் எண்ணிக்கையிலும் எதுவும் மாறவில்லையென்றால், அதே தலைப்பில் இன்னொரு வகுப்பைத் தேடாமல், ஒவ்வொரு பதிவாகத் திறந்து காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்த நோயாளி உடன்படாதிருக்கலாம். சிறப்பு மருத்துவர் எழுதியதை மாற்றத் தயக்கம் இருந்திருக்கலாம். பழைய சீட்டை அப்படியே புதுப்பித்துத் தரும் நடைமுறை கிளினிக்கில் இருந்திருக்கலாம். முதலாவதற்கு நோயாளியிடம் பேசும் முறையையும், இரண்டாவதற்குச் சிறப்பு மருத்துவருக்கு ஒரு கடிதத்தையும், மூன்றாவதற்குப் பதிவு மென்பொருளில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பையும் ஏற்பாடு செய்துவிட்டு, அடுத்த தணிக்கைக்கான தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.