எட்டாவதோட நிக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தை பத்தாவது வரைக்கும் கொண்டு வரணுமா, இப்படி ஆரம்பிங்க

எங்க ஊர் நடுநிலைப் பள்ளி எட்டாவதோட முடியும். ஒன்பதாவதுக்கு 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கற பெரிய ஊருக்குப் போகணும், சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அங்கேயேதான் வந்து சேருதுங்க, அதனால ஒரு செக்ஷன்ல 75 பேரு, லேபையே கிளாஸ் ரூமாக்கியும் பத்தாம ஒரு வகுப்பு புங்கமரத்தடியில நடந்துச்சு. மூணு வருஷம் இதுக்காக அலைஞ்சு கடைசில எங்க பள்ளியை உயர்நிலைப் பள்ளியா தரம் உயர்த்தி ஆர்டர் வாங்கினோம். அந்த மூணு வருஷத்துல பாதிக்கு மேல கவர்மென்ட்கிட்ட போகல, ஊருக்குள்ள பேசி முடிக்கறதுலயே போச்சு. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால தயவுசெஞ்சு மனு எழுதறதுல ஆரம்பிக்காதீங்க.

முதல்ல தலை எண்ணுங்க. பள்ளிக்கூடத்துல இருக்கற எண்ணிக்கையை மட்டும் எடுத்தா ஏமாந்துடுவீங்க, ஏன்னா எட்டாவதோட நின்ன பிள்ளை எந்த ரெஜிஸ்டர்லயும் இருக்காது. ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு தெருத்தெருவா போய் 10 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் யார் யார், எங்க படிக்கறாங்க, படிக்கலைன்னா எந்த வகுப்போட நின்னாங்க, ஏன் நின்னாங்கன்னு எழுதுங்க. நாங்க எழுதினப்போ நின்னு போன 19 பேர்ல 14 பேர் பொண்ணுங்க. பஸ் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதை விட்டா நடந்து வரணும், ஐப்பசி கார்த்திகையில ஆறு மணிக்கே இருட்டிடும், வயசுக்கு வந்த பொண்ணை எப்படி அனுப்பறதுன்னு அம்மாங்க கேட்டாங்க, அதுல என்ன தப்பு சொல்ல முடியும். அந்த 14 பேரோட கணக்குதான் பின்னாடி எல்லா வாயையும் அடைச்சது, கலெக்டர் ஆபீஸ்லயும் சரி ஊர்லயும் சரி.

பக்கத்து குக்கிராமங்களையும் சேர்த்துக்குங்க. அவங்க நடுநிலைப் பள்ளி தலைமை ஆசிரியர்கிட்ட 6, 7, 8 எண்ணிக்கை கேட்டா சொல்லுவாங்க. தூரத்தை மேப்ல பாக்காதீங்க, பிள்ளை நடக்கற வழியில பைக் ஓட்டி மீட்டர்ல எடுங்க, நடுவுல ரயில்வே கேட் இருக்கா, மழைக்காலத்துல தரைப்பாலம் முழுகுமா, அதெல்லாம் எழுதுங்க. 5 கிலோமீட்டருக்குள்ள ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்கணும்ங்கறது 2009ல வந்த அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டத்துல இருந்தே பேசற அளவு, அதனால 4.8க்கும் 5.6க்கும் நடுவுல உங்க ஊரோட தலையெழுத்தே மாறிடும்.

அடுத்து, கூட்டம் நெரியற அந்தப் பெரிய பள்ளியோட கணக்கு. வாயால கேட்டா யாரும் தரமாட்டாங்க, ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. வெள்ளைப் பேப்பர்ல எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினா போதும், 30 நாள்ல பதில் தரணும். போன மூணு வருஷத்துக்கு 6ல இருந்து 10 வரைக்கும் செக்ஷன் வாரியா எத்தனை பிள்ளைங்க, புழக்கத்துல எத்தனை ரூம், இடிக்கணும்னு எழுதி வெச்சது எத்தனை, அனுமதிச்ச ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, இவ்வளவு கேட்டா போதும். 1997ல வந்த 525ம் நம்பர் அரசாணைப்படி 40 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்னு கணக்கு. அதையும் கைல வந்த எண்ணிக்கையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி ஒரே பக்கத்துல பிரிண்ட் எடுத்து வெச்சுக்குங்க, ரெண்டு பக்கம் ஆனா யாரும் படிக்கமாட்டாங்க.

இனிதான் நிஜமான வேலை, ஊர்ல பேசறது. எதிர்ப்பு வரும், வரணும், அதுல பாதி நியாயமானது.

பெரிய ஊர்க்காரங்க சொல்லுவாங்க, எதுக்குப் புதுப் பள்ளி, இங்கேயே பத்து ரூம் கட்டினா தீர்ந்துச்சேன்னு. இதுக்குக் கோவப்படாதீங்க. ரூம் கட்டினா நெரிசல் தீரும், ஆனா நடந்து வர்ற 6 கிலோமீட்டர் குறையாது, அதை மட்டும் சொல்லுங்க. அங்க வேலை பாக்கற ஆசிரியர்களுக்கு வேற பயம், ஆகஸ்ட் 1ம் தேதி எண்ணிக்கையை வெச்சுத்தான் பணியிடம் நிர்ணயம் பண்றாங்க, பிள்ளைங்க குறைஞ்சா உபரின்னு சொல்லி வேற ஊருக்கு மாத்திடுவாங்க. அதைப் பொய்ப் பயம்னு சொல்ல முடியாது. 75 பேர் இருக்கற செக்ஷன் 45 ஆனாலும் பணியிடம் போகாதுன்னு எங்க ஆர்டிஐ கணக்கை வெச்சு அவங்களுக்கே போட்டுக் காட்டினோம், அதுக்கப்புறம் அதுல ரெண்டு சார்தான் எங்களுக்கு மனு திருத்திக் கொடுத்தாங்க.

நம்ம ஊர்லயே சிலர், வசதி இருக்கறவங்க தனியார் பஸ்ல பிள்ளைய அனுப்பிட்டு, நமக்கெதுக்கு இதுன்னு ஒதுங்குவாங்க. அவங்ககிட்ட ஒரு விஷயம் எடுத்துச் சொல்லுங்க, 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பொண்ணுங்களுக்கு காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், ஒன்பதாவதுல தனியாருக்கு மாத்தினா அந்த ஏழு வருஷக் கணக்கு உடைஞ்சுடும். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

இடம். இதுலதான் ஊர் ரெண்டா உடையும், ஒளிக்காம சொல்றேன், பள்ளிக்கூடம் எந்தத் தெருப் பக்கம் வரணும்ங்கறதுல சாதி இருக்கு. எங்க ஊர்ல ஆதிதிராவிடர் தெருவுக்குப் பின்னாடி நல்ல மேட்டு நிலம் இருந்துச்சு, அங்க வந்தா எங்க பிள்ளைய அனுப்பமாட்டோம்னு நாலு பேர் எழுந்து சொன்னாங்க, அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இந்த மாதிரி நேரத்துல சமாதானத்துக்காக மோசமான இடத்துக்கு ஒத்துக்காதீங்க. ரெண்டு தெருவுலயும் தனித்தனியா உட்கார்ந்து பேசுங்க, முக்கியமா அம்மாங்ககிட்ட, நூறு நாள் வேலை முடிஞ்சு வீட்டு வேலையும் முடிஞ்ச பிறகு ராத்திரி 7 மணிக்கு மேல. எங்க ஊர்ல மனசை மாத்தினது தலைவர்கள் யாரும் இல்ல, என் பொண்ணு இருட்டுல நடக்கறதை விட அந்தத் தெருவுல படிக்கறது எவ்வளவோ மேல்னு ஒரு அம்மா எழுந்து சொன்னாங்க, அதோட சத்தம் அடங்கிடுச்சு.

நிலம் பாக்கும்போது வி.ஏ.ஓ.கிட்ட அ-பதிவேடும் (எந்த சர்வே நம்பர் யாருது, என்ன வகை நிலம்னு இருக்கற ரெஜிஸ்டர்) புல வரைபடமும் (நிலத்தோட அளவு, எல்லை காட்டற படம்) பாருங்க. ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு எவ்வளவு காலியா தெரிஞ்சாலும் தொடாதீங்க, கோர்ட்டுக்குப் போனா நிக்காது. கோயில் நிலம்னா அறநிலையத்துறை சம்மதம் வேணும், வருஷக்கணக்கா இழுக்கும். யாராவது தானமா தர்றேன்னா ரொம்ப நல்லது, 1950கள் கடைசியில நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்போ நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்ல இதே மாதிரி ஊர் ஊரா ஜனங்க பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக் கொடுத்திருக்காங்க, ஆனா வாய்ப்பேச்சுல விடாம தானப் பத்திரம் பதிவு பண்ணிடுங்க, எந்தப் பேருக்கு எழுதணும்னு முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல கேட்டுட்டு.

பேசி முடிச்ச பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம், அதுல பெற்றோர்தான் தலைவர், பெரும்பான்மையும் பெற்றோர்தான், அதனால அது கஷ்டமில்ல. அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவை கூடும். தீர்மானத்துல பள்ளி தேவைன்னு மொட்டையா எழுதாம சர்வே நம்பர், தூரம், பிள்ளைங்க எண்ணிக்கை எல்லாம் எழுத வைங்க, தீர்மானப் புத்தகத்துல ஏறிடுச்சான்னு கண்ணால பாத்துட்டு நகல் வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். எங்களுக்கு ஒரு தடவை எழுதறேன்னு சொல்லிட்டு எழுதவே இல்ல, மூணு மாசம் வீணாச்சு. பக்கத்துப் பஞ்சாயத்துகளோட தீர்மானமும் சேர்ந்தா பலம் ரெட்டிப்பு.

இப்போ மனு. முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒண்ணு, திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டருக்கு ஒண்ணு, எம்.எல்.ஏ.வுக்கு நேர்ல ஒண்ணு. தரம் உயர்த்தற பள்ளிகளை பெரும்பாலும் சட்டசபையில பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கற விவாதம் நடக்கற சமயத்துல அறிவிப்பாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே மாவட்டத்துல இருந்து உங்க ஊர் பேர் சென்னைக்குப் போயிருக்கணும். பொதுமக்கள் பங்களிப்புத் தொகை கட்டச் சொன்னா, எவ்வளவுன்னு ஆபீஸ்ல எழுத்துல வாங்குங்க. ஒரே பணக்காரர் மொத்தமா கட்ட முன்வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, வீட்டுக்கு 200, 300னு ரசீது போட்டு வசூல் பண்ணுங்க, அப்பத்தான் பள்ளி எல்லாருக்கும் சொந்தம்.

ஆர்டர் வந்ததும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 1ல இருந்து 5 தனித் தொடக்கப் பள்ளியா பிரியும், 6ல இருந்து உயர்நிலைப் பள்ளி, கட்டடம் வர்ற வரைக்கும் ரெண்டும் ஒரே காம்பவுண்டுலதான். கட்டடத்துக்கு நபார்டு கடனுதவி, எம்.எல்.ஏ. நிதி, அரசுப் பள்ளிக்கு நன்கொடை வாங்கித் தர்ற நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியா முன்னாள் மாணவர்கள்னு எல்லா வாசலும் தட்டுங்க. முதல் வருஷம் புதுசா ஒன்பதாவது மட்டும்தான் சேரும், புதுப் பள்ளியில விடலாமான்னு ஜனங்க தயங்குவாங்க, அதனால ஏப்ரல் மே மாசத்துலயே பழைய நோட்டை எடுத்துக்கிட்டு மறுபடி வீடு வீடா போங்க. நின்னுபோன பிள்ளைங்க பேருக்கு நேரா டிக் போட்டுக்கிட்டே வாங்க, ஆகஸ்ட் 1க்குள்ள எத்தனை பேர் வகுப்புல உட்கார்ந்திருக்காங்களோ அதுக்குத்தான் ஆசிரியர் வருவாங்க. எங்க நோட்டுல அந்த 14 பொண்ணுங்கள்ல 9 பேருக்கு டிக் விழுந்துச்சு, ரெண்டு பேருக்கு அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிருந்துச்சு, மீதி மூணு பேர் வீட்டுக்கு இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கோம்.