உதாரணக் கோட் ஓடவில்லையா? கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கம்பஸ் புரொஜெக்டுக்கு மழைவீழ்ச்சித் தரவை வைத்துக்கொண்டு, பைதனில் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் ஆவணப் பாடமொன்றில் இருக்கிற உதாரணத்தை அப்படியே ஒட்டி ஓட்டினால், சில வேளை ஒரு பக்க நீளத்துக்குப் பிழை வந்து விழும். மேலிருந்து வாசிக்க வேண்டாம், கடைசி வரியைப் பாருங்கள். டேட்டாஃபிரேமுக்கு, அதாவது தரவு அட்டவணைக்கு, வரிகளைச் சேர்க்கும் 'அப்பெண்ட்' இல்லை என்று சொன்னால் உங்களில் குற்றமில்லை. 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது 'கொன்கட்' போட வேண்டும். எண் கணிப்புக்கான நம்பை நூலகத்தின் 'என்பி.ஃபுளோட்' (np.float) 1.24 பதிப்பில் போனதும் இதே கதைதான். முன்னால் இருக்கிற 'என்பி'யையும் புள்ளியையும் அழித்தால் சரி.

பழைய பதிப்பை நிறுவிச் சமாளி என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், நாளைக்கு வேறொரு நூலகம் புதியதைக் கேட்டு அடம்பிடிக்கும்.

ஓடிவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. எனக்கு அதிகம் பயம் இதில்தான். நாளாந்த மழையை 'ரீசாம்பிள்' செய்து மாதவாரியாகச் 'சம்' (கூட்டுத்தொகை) எடுத்தால், பதிவே இல்லாத மாதத்துக்கும் பாண்டாஸ் சத்தம் போடாமல் 0 என்று எழுதிவிடும். மழை கொட்டுகிற நவம்பரில் இரணைமடுப் பக்கம் 0 மில்லிமீற்றர் என்று வரைபுக் கோடு தரையில் கிடந்தால் அது வறட்சியா, அளக்க ஆளில்லாமல் போன மாதமா? போர்க்காலத்தையும் தொடுகிற தரவென்றால் கட்டாயம் பாருங்கள். ஒரு பதிவாவது இருந்தால்தான் கூட்டு என்பதற்கு 'மின்_கவுண்ட்=1' (min_count=1) என்று 'சம்'முக்குள் கொடுத்தால் அந்த இடம் வெறுமையாகவே நிற்கும்.

சரி, பிழை பாடத்தில்தான் என்று உறுதியானால் திருத்தி அனுப்புங்கள். முதலில் ஆவணத்தின் வளர்ச்சிப் பதிப்பை, அதாவது இன்னும் வெளியாகாத அடுத்த பதிப்பை, பாருங்கள், ஏற்கெனவே யாரோ திருத்தியிருக்கலாம். இல்லையென்றால் நூலகத்தின் கோட் இருக்கிற கிட்ஹப் தளத்தில் அந்தக் கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால் உலாவியிலேயே மாற்றலாம். கோப்புகள் எல்லாம் இருக்கிற முழுக் களஞ்சியத்தையும் இறக்கி மொபைல் டேட்டாவைத் தீர்க்கத் தேவையில்லை. ஆனால் புதிய மெய்நிகர்ச் சூழலில் (மற்ற நிறுவல்கள் கலக்காத தனிப் பைதன் இடத்தில்) உதாரணம் முழுவதையும் ஓட்டிப் பார்த்த பிறகு அனுப்புங்கள். கோடுக்குக் கீழே அச்சான விடையும் மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள், தானியங்கிச் சோதனை அதை எழுத்துக்கெழுத்து ஒப்பிடக்கூடும். எந்தப் பதிப்பு, என்ன பிழை, எதை மாற்றினீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் மூன்று வரி போதும். போகிற போக்கில் மற்ற வரிகளையும் அழகுபடுத்தப் போகாதீர்கள், உங்கள் திருத்தத்தைச் சரிபார்ப்பவருக்கு எரிச்சல் வரும். அவர் மாற்றம் கேட்டால் புதிதாக இன்னொரு கோரிக்கை திறக்காமல், உங்கள் திருத்தம் இருக்கிற அதே கிளையிலேயே திருத்துங்கள்.